முதல் நாளே பிரியும் எண்ணும் மூன்றாம் ஆண்டில் பிரியும் எண்ணும்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட வரையில் முதலில் திருப்பிச் சொல்கிறேன். தொண்ணூறுகளில் டாஸ் கணினிக்காக ஃபோர்ட்ரான் 77 என்ற நிரல்மொழியில் எழுதப்பட்ட, தாமிரபரணி வடிநிலத்தின் நீரோட்டத்தைக் கணக்கிடும் கணினி மாதிரி ஒன்று உங்கள் பொறுப்புக்கு வந்திருக்கிறது. பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகளையும், கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரையுள்ள ஆற்றுநீரைக் கால்வாய்களுக்குத் திருப்பும் எட்டு அணைக்கட்டுகளையும், சிற்றாற்றுப் பக்கத்துக் குளங்களையும் அது நாள்வாரியாகக் கணக்கிடுகிறது. அதை லினக்ஸ் சர்வருக்கு மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். நிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றும் ஜிஃபோர்ட்ரான் கம்பைலரில் ஏற்றிவிட்டீர்கள், ஓடவும் செய்கிறது. ஆனால் சீவலப்பேரியில் சிற்றாறு கொண்டுவந்து சேர்க்கும் நீர் முதல் நாளிலிருந்தே பழைய விடையோடு ஒட்டவில்லை. மணிமுத்தாறு அணையின் இருப்போ இரண்டு ஆண்டுகள் ஒட்டிச் சென்று, மூன்றாம் ஆண்டு நவம்பரில் 40 மில்லியன் கன அடி விலகி, அடுத்த ஆண்டு அணை நிரம்பியதும் மறுபடி சேர்ந்துகொள்கிறது. மாற்றியதில் எங்கே தவறு செய்தேன், பேசாமல் பைத்தானில் முதலிலிருந்து எழுதிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கு அடியில் இருக்கும் உண்மையான கேள்வி, புதிய கணினி தரும் விடையை எந்தக் கட்டத்தில் நம்பலாம் என்பதுதான் என்று எனக்குப் படுகிறது.

நீர்வளக் கணக்கீட்டு வேலையில் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையிலும், இதுபோன்ற மூன்று மாதிரிகளை ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோனவன் என்ற முறையிலும் எழுதுகிறேன். பாளையங்கால்வாய்ப் பாசனத்தில் வளர்ந்தவன் ஆதலால் நீங்கள் குறிப்பிடும் இடங்களும் எனக்குப் பழக்கமானவை. உங்கள் நிரலை நான் பார்க்கவில்லை. ஆகவே கீழே சொல்வதில் எது உறுதி, எது ஊகம் என்று அந்தந்த இடத்திலேயே குறித்துவிடுகிறேன்.

சுருக்கமாகச் சொன்னால், சிற்றாற்றுக் கணக்கில் இருப்பது மாற்றத்தில் வெளிப்பட்ட பிழை. இதில் எனக்கு ஐயமில்லை. மணிமுத்தாற்றுக் கணக்கில் இருப்பது பெரும்பாலும் பிழையே அல்ல. இரண்டையும் ஒரே நோயின் இரண்டு அறிகுறிகளாக எண்ணித்தான் நீங்கள் குழம்பியிருக்கிறீர்கள். வித்தியாசம் எவ்வளவு என்று மட்டும் பார்க்காமல், அது எந்த நாளில் பிறந்தது, எப்படி வளர்ந்தது, எப்போது மறைந்தது என்று பார்த்தால் காரணம் பெரும்பாலும் தானாகவே தெரிந்துவிடும்.

சிற்றாற்றை முதலில் எடுத்துக்கொள்வோம். ஒற்றைத் துல்லியத்தில், அதாவது 32 பிட் இடத்தில், வைக்கப்படும் தசம எண்ணுக்கு ஏறக்குறைய ஏழு இலக்கத் துல்லியம் உண்டு. இரண்டு கணினிகள் கடைசி இலக்கத்தை வெவ்வேறு விதமாகத் திருத்தினாலும் அந்த வித்தியாசம் முதல் நாளில் ஏழாவது இலக்கத்தில்தான் இருக்கும். கன அடிக் கணக்கில் அச்சிடும் அட்டவணையில் அது கண்ணுக்கே படாது. முதல் நாளிலேயே கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் இருக்கிறது என்றால், ஒன்று உள்ளீடு தவறாகப் படிக்கப்படுகிறது, அல்லது தொடக்க மதிப்பு வேறாக இருக்கிறது. இந்த இரண்டுக்கும் வெளியே மூன்றாவது வழி ஒன்றை என் அனுபவத்தில் நான் கண்டதில்லை.

உள்ளீட்டைச் சோதிப்பது எளிது. ஆனால் எல்லோரும் தவிர்க்கும் வேலை அது. கணக்கு எதையும் தொடங்குவதற்கு முன், படித்த ஒவ்வோர் எண்ணையும் அப்படியே ஒரு கோப்பில் எழுதி நிறுத்தும்படி நிரலை இரண்டு கணினிகளிலும் ஓட்டி, இரண்டு கோப்புகளையும் வரிக்கு வரி ஒப்பிடுங்கள். கூடவே கூட்டல் சோதனைகளையும் வையுங்கள்: பதினோரு கால்வாய்களின் ஆயக்கட்டை, அதாவது அவை பாயும் நிலப்பரப்பை, கூட்டினால் தாமிரபரணிப் பாசனத்துக்கு வழக்கமாகச் சொல்லப்படும் 86,107 ஏக்கர் வர வேண்டும், வரவில்லை என்றால் எங்கோ ஒரு கட்டம் இடம் பெயர்ந்திருக்கிறது. டாஸ் கோப்புகளில் வரி முடிவுக்கு இரண்டு குறிகள் இருக்கும், லினக்ஸில் ஒன்றுதான், ‘குளம்.டாட்’ என்பதைப் பெரிய எழுத்தில் எழுதினாலும் சின்ன எழுத்தில் எழுதினாலும் டாஸுக்கு ஒன்று, லினக்ஸுக்கு இரண்டு வெவ்வேறு கோப்புகள். எண்களை எழுத்தாக இல்லாமல் கணினியின் உள்வடிவிலேயே வைத்திருக்கும் பைனரிக் கோப்புகள் ஏதும் இருந்தால் அவற்றை நேராகக் கொண்டுவர முயலாதீர்கள். பழைய மைக்ரோசாஃப்ட் ஃபோர்ட்ரான் பதிவுகளைப் பிரித்து வைக்கும் முறை ஜிஃபோர்ட்ரானுக்குப் புரியாது; பழைய கணினியிலேயே அவற்றை எழுத்துக் கோப்புகளாக எழுதவைத்து எடுத்துவருவதே வழி.

உள்ளீடு சரியாக இருந்தால் அடுத்து நான் சந்தேகிப்பது குளங்களைக் கணக்கிடும் துணைநிரலை. இது ஊகம்தான், ஆனால் காரணத்தோடு கூடிய ஊகம். ஆற்றின் அணைகளும் அணைக்கட்டுகளும் சரியாக வருகின்றன, குளங்கள் நிறைந்த சிற்றாற்றுப் பகுதி மட்டும் தவறுகிறது என்றால், அணைகளின் இருப்பு எல்லாத் துணைநிரல்களுக்கும் பொதுவான ‘காமன்’ தொகுதியிலும், குளங்களின் இருப்பு அந்தத் துணைநிரலுக்குள் மட்டும் வாழும் மாறியிலும் வைக்கப்பட்டிருக்கக் கூடும். அந்தக் காலத்து டாஸ் கம்பைலர்கள் பலவும் இத்தகைய உள்மாறிகளை நினைவகத்தில் நிலையான இடத்தில் வைத்தன. துணைநிரலை விட்டு வெளியே வந்து மறுநாள் மீண்டும் நுழைந்தால், நேற்றைய குள இருப்பு அங்கேயே காத்திருக்கும். முதல் நாளில் பெரும்பாலும் பூஜ்யமும் இருக்கும். எழுதியவர் அதை நம்பி, மதிப்பை அடுத்த முறைக்கும் வைத்திருக்கச் சொல்லும் ‘சேவ்’ என்ற சொல்லையோ தொடக்க மதிப்பையோ எழுதாமல் விட்டிருப்பார். இன்றைய கம்பைலர் அந்த மாறிகளைத் தற்காலிக இடத்தில் வைக்கிறது. ஒவ்வொரு முறை நுழையும்போதும் அங்கே முன்பு யாரோ விட்டுச் சென்ற குப்பைதான் கிடக்கும். ஃபோர்ட்ரான் விதிப்படி குற்றம் நிரலுடையது, புதிய கம்பைலருடையது அல்ல.

இதைச் சோதிக்க ஜிஃபோர்ட்ரானில் உள்மாறிகளை நிலையாக வைக்கச் சொல்லும் ‘நோ-ஆட்டோமேட்டிக்’ என்ற தேர்வும், அவற்றைப் பூஜ்யத்தில் தொடங்கவைக்கும் ‘இனிட்-லோக்கல்-ஸீரோ’ என்ற தேர்வும் உண்டு. இரண்டையும் சேர்த்து ஒருமுறை ஓட்டுங்கள். சிற்றாறு உடனே ஒட்டிக்கொண்டால் ஊகம் சரி. ஆனால் அந்தத் தேர்வுகளோடேயே காலம் தள்ளாதீர்கள். எந்த மாறி என்று கண்டுபிடித்து ‘சேவ்’ எழுதி, தொடக்க மதிப்பும் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் பத்து ஆண்டுகள் கழித்து உங்கள் இடத்தில் உட்காரும் ஒருவர் இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருப்பார். அப்படியே அணிகளின் (எண்களை வரிசையாக வைக்கும் பட்டியல்களின்) எல்லைகளை நிரல் மீறுகிறதா என்று சோதிக்கும் தேர்வையும் போட்டு ஒருமுறை ஓட்டுங்கள். அது காட்டிக்கொடுக்கும் செய்திகளைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

மணிமுத்தாறு வேறு கதை. இரண்டு ஆண்டுகள் ஒட்டிச் சென்ற கணக்கில் உள்ளீடும் தொடக்கமும் தவறாக இருக்க வழியில்லை. ஒரு குறிப்பிட்ட நாளில் திடீரென்று 40 மில்லியன் கன அடி பிரிகிறது என்றால், அன்று மாதிரி ஒரு முடிவை எடுத்திருக்கிறது. பழைய கணினியில் ஒரு விதமாக, புதியதில் வேறு விதமாக. அணை மாதிரிகளின் இயல்பு அது. மட்டம் இந்த அளவைத் தாண்டினால் பிரதானக் கால்வாயின் ரீச்சுகள் எனப்படும் பகுதிகளுக்குத் திற, தாண்டாவிட்டால் திறக்காதே என்று ஒரு விதி இருக்கும். பழைய கணினியில் மட்டம் அந்த வரம்புக்கு ஒரு மயிரிழை மேலே, புதியதில் ஒரு மயிரிழை கீழே. ஆறாவது ஏழாவது இலக்கத்தில் இருந்த வித்தியாசம் ஒரு நாள் தண்ணீராக மாறிவிடுகிறது. வினாடிக்கு ஒரு கன அடி வீதம் ஒரு நாள் முழுவதும் ஓடினால் 86,400 கன அடி, அதாவது 0.0864 மில்லியன் கன அடி. உங்கள் 40ஐ அதனால் வகுத்துப் பாருங்கள்; ஏறக்குறைய 463 வருகிறது. உங்கள் விதிக்கோப்பில் மணிமுத்தாற்றிலிருந்து வினாடிக்குத் திறந்துவிடும் அளவு 460 கன அடிக்கு அருகில் இருந்தால், ஒரு கணினி ஒரு நாள் முன்னதாக ஷட்டரைத் திறந்திருக்கிறது என்பதற்கு மேல் அங்கே மர்மம் எதுவும் இல்லை.

பிறகு அது ஏன் சேர்ந்துகொள்கிறது என்பதும் இதிலிருந்தே விளங்கும். 118 அடியை எட்டி அணை நிரம்பி உபரி போகத் தொடங்கினால் இரண்டு கணக்கிலும் இருப்பு ஒன்றாகிவிடும். மிஞ்சியது ஆற்றோடு போய்விடும். நிரம்பிய அணை பழையதை மறந்துவிடுகிறது. மணிமுத்தாறு பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையை நம்பியது, எல்லா ஆண்டும் நிரம்புவதில்லை. ஆகவே உங்கள் மாதிரியில் இந்தப் பிரிவு சில சமயம் இரண்டு மூன்று ஆண்டுகள் நீடித்தாலும் அஞ்ச வேண்டாம். அஞ்ச வேண்டியது, அணை நிரம்பினாலும் மறையாமல் ஆண்டுக்கு ஆண்டு ஒரே திசையில் வளரும் வித்தியாசம். அது நிலத்தடி நீர்க் கணக்கிலோ, கசிவுக் கணக்கிலோ தண்ணீர் உருவாகிக்கொண்டோ தொலைந்துகொண்டோ இருப்பதைக் காட்டும்.

அந்த மயிரிழை எங்கிருந்து வருகிறது என்று கேட்பீர்கள். உங்கள் பழைய கணினியின் கணிதச் சிப் இடைக்கணக்கை 80 பிட் அகலத்தில் வைத்துக்கொண்டு, நினைவகத்துக்கு எழுதும்போதுதான் 32 பிட்டாகச் சுருக்கியது. இன்றைய 64 பிட் கணினியில் ஒற்றைத் துல்லியக் கணக்கு ஒவ்வொரு படியிலும் 32 பிட்டாகவே நடக்கிறது. பெரும்பாலான இடங்களில் இதனால் ஒன்றும் ஆகாது. ஆனால் பெரிய எண்ணோடு சின்ன எண்ணைக் கூட்டும் இடத்தில் ஆகும். மணிமுத்தாற்றின் முழு இருப்பு ஏறக்குறைய 550 கோடி கன அடி. அதைக் கன அடியிலேயே ஒற்றைத் துல்லியத்தில் வைத்தால், அந்த அளவில் அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு இடையே 512 கன அடி இடைவெளி இருக்கும். நிமிடத்துக்கு ஒருமுறை கணக்கிடும் பகுதி ஏதும் இருந்து, அணைக்கு வினாடிக்கு 4 கன அடி வீதம் நீர்வரத்து என்றால், ஒரு நிமிடத்தில் சேர்வது 240 கன அடி. இடைவெளியில் பாதிக்கும் குறைவு. கூட்டிய பிறகும் இருப்பு மாறாது. நாள் முழுவதும் கூட்டினாலும் மாறாது! வந்த தண்ணீர் காணாமல் போய்விடும். பழைய சிப் அந்தக் கூட்டலைத் தன் 80 பிட் அறைக்குள்ளேயே வைத்திருந்தால் அது தப்பியிருக்கும். உங்கள் மாதிரி இருப்பை எந்த அலகில் வைக்கிறது என்று பாருங்கள். மில்லியன் கன அடிக்கு மாற்றுவதால் இது தீராது, ஏழு இலக்கம் எந்த அலகிலும் ஏழு இலக்கம்தான். இருப்பு மாறிகளை மட்டும் இரட்டைத் துல்லியத்துக்கு மாற்றினால் தீரும். எல்லா மாறிகளையும் ஒரே தேர்வால் இரட்டிப்பாக்கும் குறுக்குவழி ஒன்றும் உண்டு. ‘காமன்’ தொகுதிகளும், ஒரே நினைவக இடத்துக்கு இரண்டு பெயர் சூட்டும் ‘ஈக்விவலன்ஸ்’ கட்டளைகளும் நிறைந்த பழைய நிரலில் அது நினைவக அமைப்பையே குலைத்துவிடும். நான் ஒருமுறை செய்து ஒரு வாரத்தை இழந்தேன்.

பாபநாசத்தையும் சேர்வலாற்றையும் இணைக்கும் சுரங்கம் இருக்கும் பகுதியையும் தனியாகக் கவனியுங்கள். இரண்டு நீர்த்தேக்கங்களும் சமநிலைக்கு வரும்வரை மாதிரி திரும்பத் திரும்பக் கணக்கிட்டு, வித்தியாசம் ஒரு சிறிய அளவுக்குக் கீழே வந்ததும் நிறுத்தும். புதிய கணினி ஒரு சுற்று முன்னதாக நின்றாலும் இரண்டு விடைகளும் அந்த அளவுக்குள்தான் இருக்கும், ஆனால் ஒன்றாக இருக்காது. இங்கே இன்னொரு குழியும் உண்டு: பாபநாசத்தின் 143 அடியும் சேர்வலாற்றின் 156 அடியும் ஒரே பூஜ்யத்திலிருந்து அளந்தவை அல்ல. மாற்றும் வேளையில் யாரேனும் ‘அலகுகளை ஒழுங்குபடுத்த’ முற்பட்டால் இந்த இடத்தில்தான் விழுவார்கள்.

மணிமுத்தாறு பற்றி நான் சொன்னது ஊகமா உண்மையா என்று அறிய இரண்டு சோதனைகள் போதும். பழைய கணிதச் சிப்பின் முறையிலேயே கணக்கிடும்படி ஜிஃபோர்ட்ரானைக் கட்டாயப்படுத்தும் ‘387’ தேர்வு இன்றும் இருக்கிறது. அதில் ஓட்டினால் பிரியும் நாள் நகர்கிறதா, மறைகிறதா என்று பாருங்கள். எழுத்துக்கு எழுத்து பழைய விடை வரும் என்று எதிர்பார்க்காதீர்கள், ஏனென்றால் எந்த எண் எப்போது நினைவகத்துக்குப் போகும் என்பதைக் கம்பைலர்தான் முடிவு செய்கிறது. இரண்டாவது சோதனை இதைவிட நல்லது. புதிய கணினியில் மட்டும், மணிமுத்தாற்றின் தொடக்க இருப்பைப் பத்து லட்சத்தில் ஒரு பங்கு கூட்டியும் குறைத்தும் சில முறை ஓட்டுங்கள். அவற்றுள் சில ஓட்டங்கள் அதே நவம்பரில் அதே 40 மில்லியன் கன அடி பிரிந்தால், குறை மாற்றத்தில் இல்லை. அன்றைய முடிவே கத்திமுனையில் நிற்கிறது. அப்படியான விதியை வைத்து உண்மையான ஷட்டரை இயக்குபவர் யாரும் இல்லை. பருவமும் ஆயக்கட்டுக்காரர்களின் கோரிக்கையும் பார்த்துத்தான் நீர் திறக்கிறார்கள். ஆகவே அந்த ஒரு நாள் முன்பின்னை மாதிரியின் இயல்பான ஊசலாட்டமாகவே எடுத்துக்கொள்ளலாம்.

பழைய கணினி இன்னும் உயிரோடு இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அதுதான் உங்கள் கையிலிருக்கும் மிகப் பெரிய சொத்து. இடத்தை அடைக்கிறது என்று யாரும் தூக்கிப் போடவிடாதீர்கள். அதன் வட்டை முழுமையாகப் படியெடுத்து இரண்டு இடங்களில் வையுங்கள். டாஸை நடிக்கும் மென்பொருள்களில் பழைய நிரலை ஓட்டலாம்தான், ஆனால் அவற்றில் சில 80 பிட் கணக்கை 64 பிட்டில் செய்துவிடுகின்றன. ஒப்பிடுவதற்கான விடைகளை அசல் கணினியிலிருந்தே எடுப்பது நல்லது. ஜூன் 1இல் தொடங்கும் முழு நீர் ஆண்டுகளாக எடுங்கள்: நல்ல மழை ஆண்டு ஒன்று, கார், பிசானம் என்ற இரண்டு நெற்பருவங்களும் பொய்த்த ஆண்டு ஒன்று, 1992 நவம்பர் வெள்ளத்தை உள்ளடக்கிய ஆண்டு ஒன்று, நூற்றாண்டைக் கடக்கும் ஆண்டு ஒன்று. ஆண்டை இரண்டு இலக்கத்தில் எழுதிய நிரல்கள் 2000ஐ 99க்கு முன்னால் வரிசைப்படுத்திவிடும். சில நிரல்கள் நூறால் வகுபடும் ஆண்டு என்று 2000இன் பிப்ரவரி 29ஐ விழுங்கிவிடும்.

அணி எல்லைச் சோதனைக்கு வருகிறேன். வேறொரு சிறிய ஆற்றின் மாதிரியை மாற்றியபோது எனக்கு நேர்ந்தது இது. ஏழு கால்வாய்கள், நிரலின் சுற்றோ எட்டு வரை ஓடியது. எட்டாவதாக அது படித்தது நினைவகத்தில் பக்கத்தில் இருந்த, கால்வாயோடு தொடர்பே இல்லாத ஓர் எண். பல ஆண்டுகளாக அந்த மாதிரி இல்லாத கால்வாய் ஒன்றுக்குத் தினமும் கொஞ்சம் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தது. கண்டுபிடித்த பெருமையில் உடனே திருத்தினேன். கடைமடைக்கு வரும் கோடைக்கால நீர் அளந்த அளவோடு முன்பைவிட மோசமாகப் பிரிந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் விளங்கியது: முன்பு மாதிரியை அளவீட்டோடு பொருத்தியவர், அந்தப் பொய்க் கால்வாய் குடித்த நீருக்கு ஈடாக ஆற்றுப்படுகைக் கசிவுக் கெழுவைக் குறைத்து வைத்திருந்தார். பிழையும் கெழுவும் சேர்ந்துதான் விடையைச் சரியாக்கியிருந்தன. ஆகவே எல்லை மீறல் ஏதும் கண்ணில் பட்டால் குறித்து வையுங்கள், உடனே திருத்தாதீர்கள். முதலில் பழைய பிழைகளோடு சேர்த்துப் பழைய விடையைப் புதிய கணினியில் கொண்டுவாருங்கள். அதன் பிறகு ஒவ்வொரு பிழையாகத் திருத்தி, ஒவ்வொரு திருத்தத்துக்குப் பின்னும் முறப்பநாட்டில் அளந்த ஓட்டத்தோடு மறுபடி பொருத்துங்கள். கணினி மாற்றத்தையும் கணக்குத் திருத்தத்தையும் ஒரே வாரத்தில் செய்தால், எது எதனால் மாறியது என்று எக்காலத்திலும் சொல்ல முடியாது.

பைத்தான் பற்றி: இப்போது வேண்டாம். மொழி மேல் எனக்குக் குறையொன்றும் இல்லை. ஆனால் மொழிமாற்றம் என்பது மூன்றாவது மாறுதல். முதல் இரண்டும் அடங்கியபின் ஃபோர்ட்ரான் துணைநிரல்களை அப்படியே வைத்துக்கொண்டு பைத்தானிலிருந்து அழைக்கலாம், அதற்கு நம்பை தொகுப்புடன் வரும் எஃப்2பை என்ற கருவி போதும். எழுதியே தீர்வதென்றால் இரண்டு இடங்களில் கவனம் தேவை. குளங்களை அணியாக அடுக்கி ஒரே வீச்சில் கணக்கிடும் ஆசை வரும்; மேல்குளம் நிரம்பி வழிந்து மறுகால் பாய்ந்தால்தான் கீழ்க்குளத்துக்கு நீர், வரிசை கெட்டால் அன்றைய மறுகால் மறுநாள்தான் கீழே போய்ச் சேரும். மழைக் கோப்பு இன்னொன்று. நான்கு நான்கு இடமாக, பத்தில் ஒரு மில்லிமீட்டர் கணக்கில், இடைவெளியில்லாமல் எழுதும் பழக்கம் அன்று உண்டு. சாதாரண மழைக்கு முன்னால் வெற்றிடம் இருப்பதால் பைத்தான் வெற்றிடத்தைப் பார்த்துச் சரியாகப் பிரித்துவிடும். 2023 டிசம்பர் 18 காலை காயல்பட்டினத்தில் பதிவான 946 மில்லிமீட்டர் அந்தக் கோப்பில் 9460. பக்கத்து நிலையத்திலும் நான்கு இலக்க மழை என்றால் இரண்டும் ஒட்டிக்கொண்டு எட்டு இலக்க எண்ணாகிவிடும். எண்ணி எண்ணி இடம் பிரிக்கும் ஃபோர்ட்ரான் அதில் தடுமாறாது. பெருவெள்ள நாளில் மட்டும் உடையும் நிரலைவிட ஆபத்தானது இந்த வேலையில் வேறில்லை.

முதலில் சிற்றாற்றுக்கான இரண்டு தேர்வுகளைப் போட்டு ஓட்டிப் பாருங்கள். மணிமுத்தாற்றுக்கு, விதிக்கோப்பில் திறப்பு அளவு எவ்வளவு, பிரிந்த நாளுக்கு முந்தைய மாலை மட்டம் இரண்டு கணினியிலும் எத்தனை இலக்கம் வரை ஒத்திருக்கிறது என்ற இரண்டையும் எழுதுங்கள். திறப்பு அளவு 460க்கு அருகில் இல்லையென்றால் நான் ஷட்டரைப் பற்றிச் சொன்னது நிற்காது; அப்போது ஆவியாதல் அட்டவணையிலிருந்து தேடத் தொடங்க வேண்டும்.